காயம் அளக்கும் கமிட்டி

ஈப்போவில் ஒரு துரைமார் கிளப்பில், 1922ஆம் ஆண்டின் பெரும்பகுதியில், பில்லியர்ட்ஸ் மேசைமீது பந்து உருளவில்லை. மனிதர்களைப் படுக்கப்போட்டு அளந்துகொண்டிருந்தார்கள். மகா யுத்தத்தில் காயம்பட்டவர்களைக் கண்டுபிடித்துக் கௌரவப் பட்டை வழங்க அமைக்கப்பட்ட கமிட்டி அங்கேதான் கூடியது. மேசைக்கு மேல் தாழத் தொங்கிய விளக்கின் வெளிச்சத்தில் எவ்வளவு சிறிய தழும்பும் தெரியும் என்பதால் அந்த அறையைத் தேர்ந்தெடுத்தார்களாம். ஏழையின் உடம்பை உற்றுப் பார்க்க வேண்டியிருந்தால் அரசாங்கம் வெளிச்சத்துக்குக் கஞ்சத்தனம் செய்வதே இல்லை.

கமிட்டியின் சட்டம் எளிமையானது. காயம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரிந்தால் மட்டும் போதாது, தையல்காரனின் நாடாவுக்கும் கட்டுப்பட வேண்டும். ஓர் அங்குலத்துக்குக் குறைந்தால் அது சிராய்ப்பு. சிராய்ப்புக்கு அனுதாபம் மட்டும் உண்டு. ஓர் அங்குலம் இருந்தால் காயம். சட்டையின் இடது கையில் பொன்நூல் பட்டை தைத்துக்கொள்ளலாம். தைப்பிங்கிலிருந்து வந்த ஒரு சீக்கியச் சிப்பாய்க்கு முழங்காலுக்குக் கீழே காலே இல்லை. காயம்பட்ட பாகம் ஆஜராகவில்லை என்று குறித்துக்கொண்டு, அதைத் தேடிக் கொண்டுவர அவருக்கு அவகாசம் கொடுத்தார்கள். கமிட்டியின் தாராள மனத்துக்கு உதாரணமாக இதை அதன் தலைவர் பிறகு பல விருந்துகளில் சொல்லியிருக்கிறார்.

தலைவர் மேஜர் பெட்டிக்ரூ. யுத்த காலம் முழுவதும் பினாங்குத் துறைமுகத்தில் பட்டாளத்துப் பிஸ்கோத்துப் பெட்டிகளைக் கப்பலேற்றும் பொறுப்பில் இருந்தவர். அவற்றில் ஒரு பெட்டி அவருடைய பாதத்தில் விழுந்தது. தழும்பு இரண்டே கால் அங்குலம். கமிட்டியின் முதல் பட்டை அவருக்குத்தான் போயிற்று. அதை அவர் அடக்கத்தோடு மறுத்தார் என்றும், பிறகு தலைவர் என்ற முறையில் அந்த மறுப்பைத் தாமே நிராகரித்தார் என்றும் சொல்வார்கள். அடுத்த உறுப்பினர் டாக்டர் வில்மட். இவர் கையில் நாடா இருக்கும். காரியதரிசியும் மொழிபெயர்ப்பாளருமாக இருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரரான தலைமைக் குமாஸ்தா, கிராணி இராஜசிங்கம். துரை பேசுவதை நல்ல தமிழிலும், கூலி பேசுவதை நல்ல ஆங்கிலத்திலும் சொல்லுவார். இரண்டிலும் அவருடைய அழகுதான் மிஞ்சும், பேசியவனுடையது மிஞ்சாது.

இந்தக் கமிட்டியின் முன்னால்தான் ரெட்டைப்பாலத் தோட்டத்துக் காளியம்மா தன் புருஷன் அப்பாவுவைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

ரெட்டைப்பால ரப்பர்த் தோட்டம் ஈப்போ ஓரத்துப் புந்தோங்கைத் தாண்டி மேற்கே இருந்தது. காளியம்மா அங்கே பால் மரம் வெட்டுபவள். யுத்தத்தின்போது கூலிப் பட்டாளத்துக்கு ஆள் பிடித்த சமயம் அப்பாவுவும் அதே தோட்டத்துப் பத்துமலையும் பெயர் கொடுத்துவிட்டு மெசபடோமியாவில் பஸராவுக்குப் போனார்கள். அங்கே இவர்களுக்குத் துப்பாக்கி கொடுக்கவில்லை. டோலி கொடுத்தார்கள். இரண்டு மூங்கிலுக்கு நடுவே துணி கட்டியிருக்கும். அடிபட்டவனை அதில் கிடத்தி, முன்னால் ஒருவனும் பின்னால் ஒருவனுமாகத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக் கூடாரத்துக்குப் போக வேண்டும். முன்னால் அப்பாவு, பின்னால் பத்துமலை. அந்த வேலைக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. மேலதிகாரி இறக்கச் சொல்லும்வரை இறக்கக் கூடாது. ஒருநாள் வழியில் குண்டு விழுந்தது. பத்துமலையும் போனான், டோலியில் கிடந்தவனும் போனான், இறக்கச் சொல்லவேண்டிய அதிகாரியும் போனார். அப்பாவுவுக்கு ஒரு கீறல்கூட விழவில்லை.

அவன் திரும்பி வந்த நாளில் தோட்டமே பூரித்துப்போயிற்று. முழு ஆளாக வந்திருக்கிறானே என்று முகத்தைத் தடவிப் பார்த்தார்கள். கைகளை யாரும் பார்க்கவில்லை. இரண்டு கைகளும் இடுப்புக்குப் பக்கத்தில், எதையோ இறுகப் பிடித்தபடி மூடியிருந்தன. அவை அப்புறம் திறக்கவே இல்லை. பலவந்தமாகத் திறந்தால் திறக்கும், விட்டால் மூடிக்கொள்ளும். நடக்கும்போது தரையைப் பார்த்துப் பார்த்து, குலுங்காமல், மெல்ல மெல்ல நடப்பான். மேடு வந்தால் நின்று யோசிப்பான். காளியம்மாதான் அவனுக்குச் சோறு ஊட்டினாள், தண்ணீர் குடிக்க வைத்தாள். "எறக்கி வெய்யுங்க" என்று அவள் சொல்லிப் பார்க்காத நாள் இல்லை. அவள் மேலதிகாரி இல்லையே, அவன் எப்படிக் கேட்பான்?

தோட்டத்தில் அவனுக்குப் பால்வாளி சுமக்கும் வேலை கொடுத்திருந்தார்கள். மூடிய கைகளில் கைக்கொரு வாளியை மாட்டிவிட்டால் ஒரு சொட்டு சிந்தாமல் கொண்டுபோவான். அப்படிச் சுமக்கிறவன் பேராக் முழுவதும் தேடினாலும் கிடைக்கமாட்டான். ஆனால் அவன் ஸ்டோருக்குப் போய்ச் சேர்வதற்குள் பால் வாளிக்குள்ளேயே உறைந்துபோயிருக்கும். ரப்பர் விலை நன்றாக இருந்தவரை தோட்டத்துத் துரை இதைப் பார்த்துச் சிரித்தார். விலை விழுந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. வேலைக்கு ஆகாதவர்களைப் பினாங்கிலிருந்து நாகப்பட்டினத்துக்கு இனாமாகக் கப்பலேற்றி அனுப்பலாம் என்று ஏற்பாடு வந்தபோது, முதல் ஆளாக அப்பாவுவின் பெயரைக் கொடுத்தார். காளியம்மா தானும் போகிறேன் என்று போய் நின்றாள். இனாம் கப்பல் வேலைக்கு ஆகாதவர்களுக்கு மட்டும்தான், நீ நல்ல கை, உன்னை எப்படி அனுப்புவது என்று துரை அவளைப் பாராட்டி அனுப்பிவிட்டார்.

அப்பாவுவுக்கு ஊரில் ஒரு நாதியும் கிடையாது. கப்பலில் அவனுக்கு யார் ஊட்டுவார்கள்? கஞ்சியை முன்னால் வைத்துவிட்டு, திரும்பி வந்து, தின்னவில்லை என்று எடுத்துக் கொட்டிவிடுவார்கள். நாகப்பட்டினம் போய்ச் சேரும் முன்பே அவன் செத்துவிடுவான். காளியம்மாவுக்கு இது துரையின் தொப்பியைப் போலத் தெளிவாகத் தெரிந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெசர் சதாசிவம்தான் அவளுக்குக் கமிட்டியைப் பற்றிச் சொன்னார். பட்டாளத்தில் காயம்பட்டவன் என்று கமிட்டி எழுதிக் கொடுத்துவிட்டால், அவனைத் தோட்டத்திலேயே காவல் வேலைக்கு வைத்துக்கொள்ள வேண்டும், துரை கப்பலேற்ற முடியாது என்றார். கை மூடிக்கிடப்பதை எப்படிக் காயம் என்று சொல்வது என்று அவள் கேட்டாள். படித்தவர்கள், பார்த்தால் தெரிந்துகொள்வார்கள் என்றார் சதாசிவம். அவரும் நல்ல மனுஷர்தான்.

கமிட்டி அப்பாவுவை மேசைமேல் ஏறிப் படுக்கச் சொன்னது. கையை ஊன்ற முடியாதவன் எப்படி ஏறுவான்? காளியம்மாவும் இராஜசிங்கமும் ஆளுக்கொரு பக்கம் தூக்கி ஏற்றினார்கள். பச்சைத் துணிமேல் கிடந்தபோதும் அவன் கைகள் பிடித்த பிடியை விடவில்லை. காயம் எங்கே என்று மேஜர் கேட்டார்.

"கை ரெண்டும் மூடியே கெடக்குதுங்கய்யா," என்றாள் காளியம்மா. "இன்னும் டோலி தூக்கிக்கிட்டுதான் இருக்காரு. எறக்கச் சொல்ல ஆளில்ல."

இராஜசிங்கம் இதை எப்படி மொழிபெயர்த்தாரோ தெரியாது. டாக்டர் அப்பாவுவின் வலது கையைப் பிடித்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். பிரிந்தன. கை திறக்கிறது, ஆகவே கோளாறு இல்லை என்றார். விட்டதும் கை மூடிக்கொண்டது. மூடவும் செய்கிறது, ஆகவே மிக நல்ல கை என்றார். இந்த ஆராய்ச்சியில் அப்பாவுவின் நகம் பட்டு டாக்டருடைய கட்டைவிரலில் லேசாகத் தோல் உரிந்தது. அதற்கு மருந்து போட்டு முடித்தபின் அப்பாவுவைக் குப்புறப் புரட்டினார்கள். புரட்டியதும் மேஜர் நாற்காலியை விட்டு எழுந்தார். முதுகில் வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள், தழும்பு கட்டிப்போய்த் தெரிந்தன. கமிட்டிக்கு ஒரே சந்தோஷம். தனித்தனியாக ஒன்றும் ஓர் அங்குலம் வராது, கூட்டினால் வரும் என்றார் டாக்டர். கூட்டலாம் என்றார் மேஜர்.

காளியம்மாவுக்கு அது என்ன தழும்பு என்று தெரியும். புருஷன் கை திறக்கவேண்டும் என்று கல்லுமலை முருகனுக்கு அவள்தான் நேர்ந்துகொண்டாள். தைப்பூசத்தன்று அவன் முதுகில் செடல் கொக்கி மாட்டித் தேர் இழுத்தான். கொக்கி பட்ட இடங்களில் சில சீழ்கட்டி ஆறின. இவர்கள் அதைக் குண்டுச் சிதறல் என்று நினைத்துக்கொண்டார்கள். முருகனே பார்த்து இப்படி ஒரு வழி விட்டிருக்கிறான் என்று அவள் வாயை மூடிக்கொண்டாள். அவள் வாழ்க்கையில் பொய்க்கு மிக அருகில் போனது அதுதான்.

முதுகில் காயம் என்பதால் மேஜருக்கு ஒரு சந்தேகம் வந்தது. இவர்கள் இனத்தில் இதை எப்படிக் கருதுவார்கள் என்று இராஜசிங்கத்தைக் கேட்டார். இராஜசிங்கத்தைத் தமிழைப் பற்றி யாரும் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. அவர் எழுந்து நின்று கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். மார்பிலும் முகத்திலும் பட்டது விழுப்புண், அது பெருமை. முதுகிலே பட்டது புறப்புண், அது ஓடியவனுக்கு வருவது. மானமுள்ள தமிழ் வீரன் முதுகில் புண் பட்டால் வடக்கு நோக்கி உட்கார்ந்து பட்டினி கிடந்து உயிரை விட்டுவிடுவான் என்று விரிவாக விளக்கினார். மேஜர் வியந்துபோனார். இவ்வளவு உயர்ந்த இனம் என்று தமக்கு இதுவரை யாரும் சொல்லவில்லையே என்றார்.

"அப்படியானால், இந்த ஆள் இன்னும் உயிரோடு இருப்பதே இவனுடைய சொந்த இனத்தின் விதிக்கு விரோதம். நாம் அதில் தலையிடுவது முறையல்ல," என்று தீர்ப்புச் சொன்னார்.

இராஜசிங்கம் அதைத் தமிழில் சொன்னதும் காளியம்மா பதறிப்போய் உண்மையைக் கக்கிவிட்டாள். அது குண்டு இல்லை, செடல் என்றாள். நேர்த்திக்கடன் என்றாள். அவர் ஓடவில்லை, தேர்தான் இழுத்தார் என்றாள். கமிட்டி கொஞ்ச நேரம் கூடிப் பேசியது. தன் உடம்பில் தானே காயம் உண்டாக்கிக்கொள்வது பட்டாளச் சட்டப்படி பெருங்குற்றம். யுத்தம் முடிந்த பிறகுதானே செய்திருக்கிறான் என்று டாக்டர் கேட்டார். அதனால் இது தாமதமாக நிகழ்ந்த கோழைத்தனம் என்றார் மேஜர். ஆனாலும் கமிட்டி கருணையுள்ளது. அடுத்த கூட்டத்தில் நேரில் பார்த்த சாட்சியோடு வந்தால் மறுபடி விசாரிப்போம் என்று முடித்தார்கள். கப்பல் அதற்கு அடுத்த வாரம் புறப்படுவதாக இருந்தது.

தோட்டத்துக்குத் திரும்பியதும் பக்கத்து லயத்து வீட்டு நவமணி ஒரு யோசனை சொன்னாள். முதுகில் இருந்தால்தானே குற்றம், முன்பக்கம் ஓர் அங்குலத்துக்கு ஒன்று போட்டுவிடு, நீ பால் மரம் வெட்டுகிறவள், உனக்குத் தெரியாத வெட்டா என்றாள். நவமணி இதைக் கேலியாகச் சொல்லவில்லை. மத்தியானம் மரம் வெட்டி முடித்துவிட்டு வந்து, காளியம்மா அவனை வீட்டு வாசலில் உட்கார வைத்துப் பால் வெட்டும் கத்தியை எடுத்தாள். மரத்துக்குப் பட்டை எவ்வளவு ஆழம், சதை எங்கே தொடங்கும் என்பதெல்லாம் அவள் கைக்குத் தெரியும். மனுஷன் தோளில் அது தெரியவில்லை. அப்பாவு ஏன் என்று கேட்கவில்லை. அவளுக்கு வசதியாகத் தோளைக் கொஞ்சம் திருப்பிக் காட்டினான். அவள் கத்தியைத் தூரப் போட்டுவிட்டு அழுதாள். இத்தனை வருடத்தில் அவன் எதிரில் அவள் அழுதது அதுதான் முதல்தடவை. அவளுக்கு அவன்மேல் கோபமாகக்கூட வந்தது. செத்தவனையும் டோலியையும் இப்படிப் பிடித்துக்கொண்டிருப்பவன், தன்னை ஒருதடவை பிடித்ததில்லையே என்று வந்தது.

அடுத்த கூட்டத்தில் முதல் வேலையாக டாக்டர் வில்மட்டுக்குப் பட்டை வழங்கினார்கள். கமிட்டிக் கடமையின்போது கட்டைவிரலில் பட்ட காயம். அளவு முக்கால் அங்குலம்தான். ஆனால் அது வளைந்து போகிறது, நேராக்கினால் ஓர் அங்குலம் தேறும் என்று டாக்டரே நேர்மையாக எடுத்துச் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். எதற்கென்று தெரியாமல் காளியம்மாவும் தட்டினாள். அப்பாவு தட்டவில்லை என்பதை மேஜர் கவனித்தார்.

சாட்சி எங்கே என்று கேட்டார்கள். பார்த்தவன் பத்துமலை, அவன் பஸராவில் செத்துப்போனான் என்றாள் காளியம்மா. இறந்தவர்கள் பக்கம் கமிட்டிக்குப் பெரிய மரியாதை உண்டு, அவர்களைத் தொந்தரவு செய்வதில்லை என்றார் மேஜர். ஆகவே விஞ்ஞான முறைப்படி போகலாம் என்று முடிவாயிற்று. ஒருவன் சுமை தூக்கிக்கொண்டிருக்கிறான் என்றால் அந்தச் சுமைக்கு எடை இருக்க வேண்டும். சுமையோடு ஒருதடவை, சுமை இல்லாமல் ஒருதடவை ஆளை நிறுத்துப் பார்த்தால் விஷயம் தீர்ந்தது. பாசாரில் ஈயம் வாங்கி விற்கும் சீன முதலாளி தவுக்கேயின் கடையிலிருந்து ஈய மண் நிறுக்கும் பெரிய தராசை நாலு பேர் சுமந்துகொண்டு வந்து பில்லியர்ட்ஸ் அறையில் வைத்தார்கள். அப்பாவுவைத் தட்டில் ஏற்றினார்கள். அவன் மெல்ல, குலுங்காமல் ஏறினான். எடையை இராஜசிங்கம் எழுதிக்கொண்டார்.

"சுமையோடு நிறுத்தாயிற்று," என்றார் மேஜர். "இனி அதை இறக்கச் சொல்."

காளியம்மா இராஜசிங்கத்தின் முகத்தைப் பார்த்தாள். மேஜரைப் பார்த்தாள். "தொரெயே சொல்லட்டும்யா," என்றாள். "நான் சொன்னாக் கேக்கமாட்டாரு. பெரிய தொரெ ஒரு வாட்டி 'எறக்கு'ன்னு சொல்லிட்டா எறக்கிருவாரு. அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்காரு. எனக்குப் பட்டையும் வேணாம், ஒண்ணும் வேணாம். அந்த ஒரு சொல்லு போதும்."

இராஜசிங்கம் இதை மட்டும் எந்த அலங்காரமும் செய்யாமல் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னார். மேஜர் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். பட்டாளத்தில் அவருக்குக் கற்றுக்கொடுத்த ஏதோ ஒன்று சரியான நேரத்தில் அவரைக் காப்பாற்றிவிட்டது. எழுந்து நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அறைக்கே பொதுவாகப் பேசினார். இராஜசிங்கம் வரிக்கு வரி தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார்.

"நான் 'இறக்கு' என்று சொன்னால், இவன் எதையோ தூக்கிக்கொண்டிருக்கிறான் என்று மன்னரின் அதிகாரி ஒருவர் ஒப்புக்கொண்டதாகும். சுமை இருக்கிறது என்று நிரூபணம் ஆகட்டும், இறக்கச் சொல்கிறேன். நிரூபணம் ஆவதற்கு இவன் முதலில் இறக்கட்டும். இதில் என்ன சிரமம்? இந்தக் கூலியை ஒப்புக்கொண்டால் நாளைக்கு எத்தனை பேரை ஒப்புக்கொள்வது? என் சொந்தத் தம்பி பிரான்ஸிலிருந்து வந்த நாளாகச் சாப்பாட்டு மேசைக்கு அடியில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறான். அவன் உடம்பிலும் ஒரு கீறல் கிடையாது. அவனுக்காக நாங்கள் பட்டை கேட்டோமா? விருந்தாளிகள் வந்தால் மாடியில் வைத்துப் பூட்டிவிடுகிறோம். அம்மா அவன் பெயரைச் சொல்வதைக்கூட நிறுத்திவிட்டாள். கௌரவத்தை நாங்கள் அப்படித்தான் காப்பாற்றி வருகிறோம்."

கடைசி வரிகளை மொழிபெயர்த்திருக்க வேண்டாம் என்று இராஜசிங்கத்துக்குப் பிறகுதான் தோன்றியது. டாக்டர் தம்முடைய புதுப் பட்டையைத் தடவிக்கொண்டிருந்தார். காளியம்மாவுக்கு அந்தத் தம்பிக்காகக்கூட வயிறு எரிந்தது. கூடவே, இனி இங்கே கேட்பதற்கு ஒன்றுமில்லை என்பதும் புரிந்துவிட்டது. அவள் தராசின் பக்கம் போய்ப் புருஷனிடம், "எறங்குங்க, போலாம்," என்றாள்.

அப்பாவு இறங்கினான். இறங்கி இரண்டு அடி வைத்துவிட்டு நின்றான். பல மாதமாகப் பேசாதவன் அன்றைக்கு வாய் திறந்தான்.

"பின்னால ஆளில்ல காளி," என்றான். "அதான் வெரசாப் போக முடியல. அவன் தல தரையில இடிக்குது."

இத்தனை வருடமாக அவன் மெல்ல நடந்தது எதற்கு என்று காளியம்மாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. வாளி சிந்திவிடும் என்றில்லை, பயத்தினாலும் இல்லை. டோலியின் பின்பக்கம் தரையில் இழுபடுகிறது, அதில் கிடப்பவனுக்கு வலிக்கும் என்று பார்த்துப் பார்த்து இழுத்துக்கொண்டு வந்திருக்கிறான். தோட்டத்து முள்ளிலும் மேட்டிலும் மழைச் சேற்றிலும் தனியாக இழுத்திருக்கிறான். அவள் பக்கத்தில் பக்கத்தில் நடந்து வந்தாளே தவிர ஒருநாளும் பின்னால் போய் நிற்கவில்லையே.

அவள் அவனுக்குப் பின்னால் ஓர் ஆள் படுக்கும் தூரம் தள்ளிப் போய், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்தாள். இரண்டு கைகளாலும் பிடித்துத் தூக்கி நிமிர்ந்தாள். "ம், நடங்க," என்றாள்.

அப்பாவு நடந்தான். பஸராவிலிருந்து வந்தபின் அவன் ஒரு மனுஷனைப் போல வேகமாக நடந்தது அன்றுதான். மேசையைச் சுற்றி, தராசைச் சுற்றி, மேஜருடைய நாற்காலியில் இடித்துவிடாமல் கொஞ்சம் ஒதுங்கி, இருவரும் ஒரே காலை எடுத்துவைத்து நடந்தார்கள். டாக்டர் தம்மை அறியாமல் வழிவிட்டு நின்றார். வாசலில் கதவின் ஒரு பக்கம்தான் திறந்திருந்தது. டோலி போவதற்கு அது போதாது. இராஜசிங்கம் ஓடிப்போய் மற்றப் பக்கத்தையும் திறந்துவிட்டு, "பாத்து, பாத்து, இஞ்சால படி இருக்குது," என்றார். இதற்காக மேஜர் அவரிடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்டார். காற்றுக்காகத் திறந்ததாக இராஜசிங்கம் எழுதிக் கொடுத்தார். அவருடைய உத்தியோக வாழ்க்கையில் அவர் எழுதிய ஒரே மோசமான ஆங்கிலம் அதுதான் என்பார்கள்.

அவர்கள் வாசலைக் கடப்பதற்குள் கமிட்டி தீர்ப்பை முடித்துவிட்டது. ஒருவன் இல்லாததைத் தூக்கிக்கொண்டிருந்தால் அதை விசாரிக்க வேண்டும். இரண்டு பேர் தூக்கிக்கொண்டிருந்தால் விசாரணைக்கு அவசியமே இல்லை என்றார் மேஜர். பெண்ணுக்கும் புத்தி பேதலித்திருக்கிறது, இருவரும் எந்த வேலைக்கும் ஆகமாட்டார்கள் என்று டாக்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தப் பேதலிப்பு எத்தனை அங்குலம் என்று யாரும் நாடாவை எடுக்கவில்லை. முன்பக்கமா பின்பக்கமா என்று கேட்கவில்லை. சாட்சி கேட்கவில்லை. தராசை முன்பே தவுக்கே கடைக்குத் திருப்பி அனுப்பச் சொல்லியாயிற்று. கண்ணுக்குத் தெரியாத கோளாறை நம்புவதற்கு அந்தக் கமிட்டிக்கு அன்றைக்கு ஒரு சுருட்டைப் பற்றவைக்கும் நேரம் போதுமானதாக இருந்தது. மனுஷனைக் கௌரவிப்பதென்றால்தான் அவர்களுக்கு அளவு வேண்டும். அவனை நாட்டைவிட்டுத் துரத்துவதற்கு ஒரு பார்வை போதும்.

தோட்டத்துத் துரைக்கு ஒரு நல்ல கை போனதில் வருத்தம். கமிட்டி எழுதியதை மீற முடியாது என்பதால் இனாம் கப்பலுக்கு இரண்டு பெயராகக் கொடுத்தார். சதாசிவம் காளியம்மாவைத் தனியே கூப்பிட்டு, நீ நடிக்கத்தானே செய்தாய், உண்மையைச் சொன்னால் உன்னை மட்டுமாவது இங்கே வைத்துக்கொள்வார்களே என்று கேட்டார். அவளுக்குக் கை வலித்தது. லயத்திலிருந்து புந்தோங் வரை, புந்தோங்கிலிருந்து ஈப்போ ஸ்டேஷன் வரை அவள் கையை விடவே இல்லை. ரயிலில் அவனுக்குச் சோறு ஊட்டும்போது மட்டும், "பாத்துக்குங்க, ஒரு கைய எடுக்குறேன்," என்று சொல்லிவிட்டு எடுத்தாள்.

பினாங்குத் துறையில் கப்பலுக்கு ஏறும் பலகை செங்குத்தாக இருந்தது. தள்ளாத கிழவர்களும், காசநோய்க்காரர்களும், கண் தெரியாதவர்களுமாக ஒரு கூட்டம் முண்டியடித்துக்கொண்டு ஏறிற்று. பலகை மேல் நோக்கிப் போனால் முன்னால் தூக்குகிறவன் உயரத்துக்குப் போய்விடுவான், பின்னால் இருப்பவர் தோளுக்கு மேல் தூக்கிப் பிடிக்காவிட்டால் டோலியில் கிடப்பவன் சரிந்து விழுந்துவிடுவான். இதெல்லாம் காளியம்மாவுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நாகப்பட்டினத்தில் இறங்கினால் எங்கே போவது, அங்கே இவர்களைப் பார்த்து ஒரு சொல் சொல்ல எந்த அதிகாரி இருக்கிறான், அவள் கை எத்தனை நாளுக்குத் தாங்கும் என்பதும் அவளுக்குத் தெரியாது. இந்தக் கப்பலில் அப்பாவு பசியோடு கிடக்கமாட்டான் என்பது மட்டும் தெரியும்.

பாதிப் பலகையில் அப்பாவு நின்றான். திரும்பிப் பார்க்காமல், "இன்னுங் கொஞ்சம் தூக்கு புள்ள," என்றான்.

காளியம்மா பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினாள்.